ரிசல்ட்டை முதலில் எழுதாதே!

 

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் என்னைப் பிடித்தபோதே, "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கு" என்று சொல்லிவிட்டான். நல்லதாய்ப் போயிற்று. எனக்குக் கவிதை வராது. நான் செய்த ஒரு தவறும், அதனால் கற்றுக்கொண்ட பாடமும்தான் என்னிடம் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

நம் எல்லோரிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லேபில் சோதனையை ஆரம்பிக்கும் முன்பே சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரிசல்ட்டை எழுதிவிடுவோம். பிறகு அந்த ரிசல்ட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ரீடிங்கை 'வரவழைப்போம்'. ஓம் விதிச் சோதனையில் இப்படிச் செய்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டால் சார் சிவப்பு மையில் 'ரிபீட்' என்று போடுவார், அவ்வளவுதான். அதே பழக்கத்தை ஒரு மனிதன் மேல் காட்டினால்? அங்கே 'ரிபீட்' கிடையாது நண்பர்களே!

அன்று நடந்தது

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு தோசை மாஸ்டர் இருந்தார். பெயர் வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஐம்பது வயதிருக்கும். கல்லில் ஒரே நேரத்தில் ஆறு தோசை ஊற்றுவார். யாருக்கு முறுகல், யாருக்கு எண்ணெய் இல்லாமல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

செமஸ்டர் பரீட்சை நேரம். காலை ஆறரை மணிக்கு டீ வாங்கப் போன நாலு பேரில் நானும் ஒருவன். மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோசைக் கரண்டி தரையில் கிடந்தது. "என்ன மாஸ்டர், என்னாச்சு?" என்று கேட்டால் பதில் குழறலாக வந்தது. வாயின் ஒரு ஓரத்தில் எச்சில் வழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தவர் வலது பக்கமாகச் சரிந்தார்.

எங்களில் ஒருவன் சொன்னான்: "நைட்டு நல்லா ஏத்திட்டாரு போல!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். மாஸ்டர் எப்போதாவது குடிப்பார் என்று எங்களுக்குத் தெரியும். முடிந்தது கதை. ரிசல்ட் எழுதியாச்சு! அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அந்த ரிசல்ட்டுக்கான ரீடிங்தான். பேச்சு குழறுதா? போதை. நடை தள்ளாடுதா? போதை. வாயில் வாசனை வருகிறதா என்று ஒருவன்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

வார்டன் சாருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற நல்லெண்ணத்தில் அவரை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப்போய், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். 'தெளியட்டும்' என்று மோர் வேறு கொடுத்தோம். அவருக்குப் புரையேறியது. துடைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டோம்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் அப்படியே கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம். மருத்துவமனையில் டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு இவரு நல்லா இருந்தாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐந்தே முக்காலுக்குப் பால்காரர் அவரோடு நன்றாகப் பேசியிருக்கிறார் என்பது பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது.

பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. அந்த அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது.

நடந்ததை எல்லாம் சொன்னோம். டாக்டர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "தம்பி, நோய்க்குப் பேர் வைக்கிறது எங்க வேலை. பார்த்ததை வந்து சொல்றதுதான் உங்க வேலை. நீங்க பார்க்கவே இல்லையே..." என்றார்.

அந்த வருஷமே நாட்டு நலப்பணித் திட்டத்தின் மூலம் நடந்த அவசர உதவிப் பயிற்சியில் பெயர் கொடுத்தேன். 108 வண்டியில் பல வருஷம் ஓடிய ஒரு அண்ணன்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். முதல் நாள் அவர் சொன்னது: "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அங்க நிக்கிறவன்தான் ஆம்புலன்ஸ்." அங்கே கற்றதை நம் ரெக்கார்டு நோட்டின் வரிசையிலேயே சொல்கிறேன். அப்போதுதான் நமக்கு ஏறும்!

நோக்கம்

நோய் என்னவென்று கண்டுபிடிப்பது நம் நோக்கமே அல்ல. மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். இவர் உயிருக்கு இந்த நிமிஷமே ஆபத்து இருக்கிறதா? நேரம் போகப் போக எது மோசமாகிறது? எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும்?

ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்த எடுப்பில் வைண்டிங்கைப் பிரிப்போமா? சப்ளை வருகிறதா, ஃபியூஸ் நன்றாயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் வேலை செய்கிறதா என்று வரிசையாகத்தானே பார்ப்போம்? மனிதனுக்கும் அப்படியொரு வரிசை இருக்கிறது. எது இல்லாவிட்டால் சீக்கிரம் உயிர் போகுமோ அதை முதலில் பார்க்க வேண்டும்.

முன்னெச்சரிக்கை

விழுந்தவரைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் சுற்றிலும் ஒரு பார்வை. கரண்ட் கம்பியா, கேஸ் கசிவா, ஓடும் லாரியா? மின்னியல் துறைக்காரனாக அடித்துச் சொல்கிறேன்: ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். ஒருவர் விழுந்த இடத்தில் இருவர் விழுந்தால் ஆம்புலன்ஸுக்குத்தான் இரட்டை வேலை. மின்வாரியக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டேயே போகக் கூடாது. சப்ளையை நிறுத்தச் சொல்ல வேண்டும். கிணறு, கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் பின்னாலேயே இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு நம்மையும் சாய்த்துவிடும்.

செய்முறை

முதல் படி: இரண்டு தோள்களையும் தட்டி, "அண்ணே, அண்ணே, கேக்குதா?" என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 108-க்கு ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். 'யாராவது போன் பண்ணுங்க' என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். "நீலச் சட்டை, நீங்க பண்ணுங்க!" என்று ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

உடனே மூச்சைப் பாருங்கள். 10 நொடிக்கு மேல் வேண்டாம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இதயம் நின்றுபோன சிலருக்கு மீன் வாயைத் திறப்பது போல எப்போதாவது ஒரு இழுப்பு வரும். 'மூச்சு இருக்குடா' என்று விட்டுவிடுவார்கள். அது மூச்சு அல்ல. பதிலும் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்த ஆரம்பியுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. பெரியவர்களுக்கு சுமார் 5 செ.மீ. ஆழம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்று கொடுக்கலாம். பயிற்சி இல்லாதவர் வண்டி வரும் வரை அழுத்திக்கொண்டே இருந்தாலும் பிரயோஜனம் உண்டு.

நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். நெஞ்சை வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கட்டுரை 1960-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேலை செய்த மூன்று பேர் அதை எழுதினார்கள். அவர்களில் ஜேம்ஸ் ஜூட் மட்டும்தான் டாக்டர். வில்லியம் கோவன்ஹோவன் மின் பொறியியல் பேராசிரியர். கய் நிக்கர்பாக்கர் மின் பொறியியல் மாணவர்! மின்சாரம் பாய்ச்சி இதயத்தை மீட்கும் கருவியை ஒரு நாயின் நெஞ்சில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கனமான அந்தத் தகடுகளை அழுத்தி வைத்தபோதே, கரண்ட் கொடுக்கும் முன்பே, ரத்த அழுத்தம் லேசாக ஏறுவதை நிக்கர்பாக்கர் மீட்டரில் கவனித்தார். 'இது ஏதோ தப்பு ரீடிங்' என்று அடித்துவிடாமல் ஏன் என்று கேட்டார். இன்று உலகம் முழுக்கப் பிழைத்து எழுகிறவர்கள் அந்த ஒரு ரீடிங்குக்குக் கடன்பட்டவர்கள். பார்த்ததை அப்படியே குறித்துக்கொள்வதன் மகிமை புரிகிறதா?

இரண்டாம் படி: ஆளுக்கு மூச்சு இருக்கிறது என்றால் இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் பாருங்கள்.

ஒன்று, மூச்சுப்பாதை. பேசினால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். குறட்டை போன்ற சத்தமோ, வாயில் களகளவென்று சத்தமோ வந்தால் பாதையில் தடை. மயங்கிக் கிடப்பவரின் நாக்கே பின்னால் விழுந்து பாதையை அடைக்கும். அடிபடாதவர் என்றால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தால் நாக்கும் விலகும், வாந்தியும் வெளியே வடியும்.

இரண்டு, மூச்சு. முழு வாக்கியம் பேச முடிகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறாரா? உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா? ஆஸ்துமாக்காரருக்கு வீசிங் சத்தம் திடீரென்று நின்றுபோய், ஆளும் சோர்ந்துபோனால் 'சரியாயிடுச்சு' என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம்.

மூன்று, ரத்த ஓட்டம். கொட்டும் ரத்தம் கண்ணில் பட்டால் மற்றதை விட்டுவிட்டு முதலில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். தோல் சில்லிட்டு, வெளிறி, வியர்த்து, நாடியும் வேகமாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நான்கு, உணர்வு. இதற்கு நாலு படிக்கட்டு. தானாக விழித்திருக்கிறார், கூப்பிட்டால் விழிக்கிறார், வலி கொடுத்தால் மட்டும் அசைகிறார், எதற்கும் அசையவில்லை. எந்தப் படியில் இருக்கிறார் என்பதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு படி கீழே இறங்கியிருந்தால் அதுதான் அபாய மணி.

ஐந்து, உடல் முழுவதும். சட்டைக்குள் காயம், காலில் கடிவாய், உடம்பில் சூடு, கழுத்தில் தொங்கும் நோய் அட்டை, பையில் மாத்திரை. இவை எல்லாம் சாட்சிகள்.

ரீடிங்

பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 12 முதல் 20. நாடி 60 முதல் 100. நாடியை இரண்டு விரலால் பார்க்க வேண்டும்; கட்டை விரலில் நம் நாடியே துடிக்கும்! மூச்சை எண்ணுகிறேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மாற்றி விடுவார். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சை எண்ணுங்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஒரு ரீடிங் ரீடிங்கே இல்லை. இரண்டு, மூன்று எடுத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

அப்புறம் ஆறு கேள்விகள். இப்போது என்ன செய்கிறது? எந்த மருந்தாவது, சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? முன்பு என்ன நோய் இருந்தது? கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார்? இது வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? ஆளால் பேச முடியவில்லை என்றால் கூட இருப்பவரிடம் கேளுங்கள்.

முன்கூட்டியே எழுதப்படும் ஐந்து ரிசல்ட்டுகள்

நம் ஊரில் ஒருவர் விழுந்தால் கூட்டம் உடனே ஒரு பெயர் வைத்துவிடும். அப்படி வைக்கப்படும் பெயர்களில் ஐந்தை மட்டும் பார்ப்போம்.

'குடிச்சிருக்கான்.' இதுதான் எங்கள் மாஸ்டரைச் சாய்த்தது. சிரிக்கச் சொல்லுங்கள்: முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்: ஒன்று தானாக இறங்குகிறதா? ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: குழறுகிறதா? மூன்றில் ஒன்று புதிதாக இருந்தாலே பக்கவாதம் என்று சந்தேகப்பட்டு 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ மோரோ கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம். இதே வேஷத்தில் இன்னொன்றும் வரும். அது சர்க்கரை குறைவு. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தவருக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், உளறுவார், சண்டைக்கும் வருவார். தலையில் அடிபட்டவரும் குடித்தவர் மாதிரியே பேசுவார். சரி, உண்மையிலேயே குடித்திருந்தால்? குடித்தவனுக்குப் பக்கவாதம் வராது என்று எந்த விதியும் இல்லை!

'வெறும் கேஸ்தான்.' நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணம் தெரியாத பயம். சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறல், வாந்தி, சோர்வு என்றுகூட வரலாம். உட்கார வையுங்கள், மாடிப்படி இறங்க வைக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று 108-ல் கேட்டு, அவர்கள் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

'வலிப்பு, சாவியைக் கொடு!' இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு சில நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்தது! கையை காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி எதையும் வைக்காதீர்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, தலைக்குக் கீழே துணி மடித்து வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வெட்டு நின்றதும் பக்கவாட்டில் திருப்புங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, இதுதான் முதல் தடவை என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ உடனே 108.

'வெயில் மயக்கம், நிழல்ல படுத்தா சரியாயிடும்.' வெயிலில் தலை சுற்றி, வியர்த்து, தெளிவாகப் பேசுபவருக்கு நிழலும் தண்ணீரும் உப்புக் கரைசலும் போதும். ஆனால் உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, புத்தி தடுமாறி உளறினால் அது வெப்பவாதம். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். ஃபவுண்டரியில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்யும் நம் மெக்கானிக்கல் தோழர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை சும்மா நிற்காமல் சட்டையைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். உளறுகிறவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

'நைட்டு ஏதோ ஒத்துக்கல, வயித்து வலி.' தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் இமை தானாக மூடிக்கொண்டு, விழுங்க முடியாமல் போனால் கட்டுவிரியனை நினையுங்கள். அதன் கடி பல சமயம் வலிக்காது. பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடிப் போகாதீர்கள். கடிபட்ட கையோ காலோ தெரிந்தால் எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் அசையாமல் வைத்து, நடக்க விடாமல் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்துதான் வைத்தியம். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் அந்த மருந்து தயாராகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒப்படைப்பு

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் வந்தது. போன் செய்தால் பதறாமல் இடத்தைச் சொல்லுங்கள். 'காலேஜ்கிட்ட' என்றால் போதாது. எந்த ரோடு, எந்தக் கோயில், எந்தப் பெட்ரோல் பங்க் பக்கம் என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர், உணர்வு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். ரோட்டு முனையில் ஒருவரை நிறுத்துங்கள்.

வண்டி வந்ததும் ஐந்தே வரி: வயது, ஆணா பெண்ணா, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன பார்த்தோம், என்ன ரீடிங், என்ன செய்தோம். 'இது ஹார்ட் அட்டாக் சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'நெஞ்சில் அழுத்தம், 7.10-க்கு ஆரம்பம், வியர்வை, நாடி 110' என்று ஆரம்பியுங்கள்.

'கேஸு, கோர்ட்டுன்னு அலைய யாரால முடியும்?' என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. சாலை விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் சட்ட வலுக் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குத் தொடர முடியாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

முடிவு

போன தை மாதம், ஊருக்குப் போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டு. ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார், யாரையோ திட்டினார். "காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டான்யா" என்று ஒரு பெரியவர் விலகிப் போனார். எனக்கும் அந்த வார்த்தைதான் முதலில் வாயில் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அரிசி மூட்டை ஞாபகம் வந்தது.

பக்கத்தில் போனேன். வாசனை இல்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, அந்தக் குளிரில்! "அண்ணே, இங்க உக்காருங்க" என்று பிடித்து உட்கார வைத்தேன். முகம் இரண்டு பக்கமும் சரி. கை இரண்டும் சமமாக நின்றது, ஆனால் நடுங்கியது. பையில் சர்க்கரை மாத்திரை அட்டை. "சாப்பிட்டீங்களா?" என்றதற்குத் தலையை ஆட்டினார். கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், விழுங்கினார். டீக்கடையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்து வாங்கிக் கொடுத்தேன். உணர்வில்லாதவர் என்றால் வாயில் எதையும் ஊற்றியிருக்க மாட்டேன். 108-க்கும் சொல்லிவிட்டேன். பத்து, பதினைந்து நிமிஷத்தில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, என் குடை எங்க?"

பெரிய சாதனை ஒன்றுமில்லை. மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான். ஆனால் அந்த விலைக்கே ஒரு மனிதன் கிடைப்பான் என்று முதலாம் ஆண்டில் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மாஸ்டர் இப்போதும் மெஸ்ஸில்தான் இருக்கிறார். தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் இல்லை, டோக்கன் மேஜையில். இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதும் முன் அவரிடம் போய் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எழுது... பேர் போடாத... பசங்க... பாக்கட்டும்."

பார்ப்போம் தோழர்களே. முதலில் பார்ப்போம். ரிசல்ட்டை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை